அமிலத்தில் கிடக்கும் நிமிடங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் 'பான்கேக் சுடும் பெண்' என்ற எச்சிங்கைப் பற்றி, அதாவது செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிட்ட படத்தைப் பற்றி, ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: 1635-ல் செய்தது, உயரம் 11 சென்டிமீட்டர், அகலம் 8 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஒரு கிழவி உட்கார்ந்து பான்கேக் சுடுகிறாள். பிள்ளைகள் சூழ்ந்து நிற்கிறார்கள். முன்னால் ஒரு பொடியன் தன் பங்கை நாயிடமிருந்து காப்பாற்றப் படாத பாடு படுகிறான். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பற்றியவை. செம்புத் தகட்டோடு 27 வருடங்களாகப் பழகுகிறவள் நான். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு இல்லை.

*

"எச்சிங், என்கிரேவிங் இரண்டுமே செம்புத் தகட்டில் கோடு போட்டு, மை நிரப்பி அச்சிடுவதுதானே? அச்சான தாளை மட்டும் பார்த்து இது எது என்று சொல்ல முடியுமா?" (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பெரும்பாலும் முடியும். கோட்டின் நுனியைப் பாருங்கள்.

என்கிரேவிங்கில் பியூரின் என்ற சிறு உளியை உள்ளங்கையில் பதித்துத் தள்ளி, செம்பையே சீவி எடுக்கிறார்கள். உளி மெல்ல இறங்கி, ஆழம் போய், மெல்ல மேலே வரும். அதனால் கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். எச்சிங்கில் கை செம்பை வெட்டுவதே இல்லை. தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டும் கீறி, அடியிலுள்ள செம்பைத் திறந்து விடுகிறது. அப்புறம் தகடு அமிலத்துக்குள் போகிறது. திறந்த இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்குகிறது. கோட்டின் தொடக்கம் எது, முடிவு எது என்று அமிலத்துக்குத் தெரியாது. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அரிக்கும். அதனால் நுனி மொட்டையாக நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் ஓரம் லேசாக நெளிவதும் தெரியும்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு அச்சோவியர் ஏபிரகாம் போஸ் 1645-ல் பாரிஸில் எச்சிங்குக்கென்று ஒரு கையேடு வெளியிட்டார். எச்சிங் கோடும் என்கிரேவிங் கோட்டைப் போலவே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு எஷோப் என்ற கருவி உதவியது. ஊசியின் முனையைச் சாய்வாகத் தேய்த்து, நீள்வட்ட முகம் வரும்படி செய்தது அது. விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இழுத்தால் கோடு பருத்து மெலியும். போஸின் படங்களில் சீமாட்டிகளின் உடை மடிப்புகளை மட்டும் காட்டினால், இது எது என்று உடனே சொல்ல எனக்கும் வராது. ரெம்பிராண்ட் மறுபக்கம் போனார். 1648-ல் செய்த 'வாசலில் பிச்சை வாங்குபவர்கள்' தகட்டில் எச்சிங்கும் உண்டு, பியூரினும் உண்டு, ஊசியால் செம்பையே நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட்டும் உண்டு.

நுனியைப் பார்த்துப் பழகியபின் இன்னொன்றும் உங்களுக்குப் புலப்படும். பியூரின் பிடிக்கிறவர் வளைந்த கோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை. தோல் மெத்தையின் மேல் வைத்த தகட்டைத் திருப்புவார். அது வரப் பல வருடம் ஆகும். எச்சிங் ஊசிக்கு அந்தத் தடை கிடையாது. பூச்சின் மேல் அது பேனாவைப் போல ஓடும். வரையத் தெரிந்த ஓவியர் யாராக இருந்தாலும் எடுத்து வரையலாம். நாய் பாய்வதையும் பொடியன் திமிறுவதையும் அந்த வேகம் கெடாமல் தகட்டில் வைக்க முடிந்தது அதனால்தான்.

*

"ஒரே ஊசி, ஒரே கறுப்பு மை. அப்படியிருக்க, ழாக் கலோவின் சந்தைப் படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் அடர்த்தியாகவும் தூரத்தில் இருப்பவை வெளிறியும் வருவது எப்படி?" (கட்டடக்கலை மாணவி)

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் எனக்குக் கூடுதல் பக்கம் கேட்டு வாங்கினேன்.

பதில் ஒரே சொல்: நிமிடங்கள். தூரத்தில் இருப்பது அமிலத்தில் கொஞ்ச நேரம் கிடந்தது. பக்கத்தில் இருப்பது நெடுநேரம் கிடந்தது.

விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிடுவது 1620-ல் வந்த 'இம்புருனேட்டா சந்தை'. கலோ (1592–1635) இன்றைய பிரான்ஸில் உள்ள லொரெய்ன் பகுதியின் நான்சி நகரத்துக்காரர். அப்போது இத்தாலியின் ஃபிளாரன்ஸில், அந்த ஊரை ஆண்ட மெடிசி குடும்பத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்து ஊரான இம்புருனேட்டாவில் புனித லூக்கா திருநாளையொட்டிக் கூடும் சந்தை அது. ஒரே தகட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். போதாததற்குக் குதிரைகள், கழுதைகள், நாய்கள். தூரத்து மனிதர்கள் அரிசிமணி அளவுதான். ஆனாலும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையாக நிற்கிறார்கள்.

இப்படி ஒரு தகட்டை அமிலத்தில் இறக்கும்போது முதல் குளியல் சிறியது. எடுத்து, கழுவி, உலர்த்தி, தூரத்துக் கோடுகளின் மேல் தூரிகையால் கொழுப்பும் எண்ணெயும் கலந்த கலவையைப் பூசி மூடிவிட வேண்டும். இனி அமிலம் அங்கே போகாது. அந்தக் கோடுகள் ஆழமில்லாமல், கொஞ்சம் மையே பிடிப்பவையாக நின்றுவிடும். தகடு மறுபடி அமிலத்துக்குப் போகும். அடுத்து நடுத்தூரத்தை மூட வேண்டும். மறுபடி அமிலம். கடைசிவரை மூடாமல் விட்ட முன்வரிசைக் கோடுகள் எல்லாக் குளியலையும் வாங்கி, ஆழமாகவும் அகலமாகவும் ஆகிவிடும். ஒரே ஊசியால் ஒரே அழுத்தத்தில் போட்ட கோடுகள்தான் எல்லாம்.

கலோவுக்கு முன்பும் இதைச் செய்தவர்கள் உண்டு. ஆனால் பழைய மெழுகுப் பூச்சு மென்மையானது. கை பட்டால் கசங்கும், இரண்டு மூன்று முறை உள்ளே போய் வந்தால் அங்கங்கே உரிந்துவிடும். கலோ செய்தது என்னவென்றால், லூட் என்ற நரம்பிசைக் கருவியைச் செய்பவர்கள் மரத்துக்குப் பூசிய கெட்டி வார்னிஷை எடுத்துச் செம்பின் மேல் பூசினார். சூடேற்றினால் அது இறுகி நிற்கும். அமிலத்தில் எத்தனை முறை முக்கினாலும் தாங்கும். அரிசிமணி மனிதனுக்கும் கால் வரையலாம். பக்கத்துத் தெருக் கைவினைஞர் வேறு எதற்கோ வைத்திருந்த பொருளைப் பார்த்து, இது என் தகட்டுக்கு ஆகும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

செம்பை அரிக்க நான் பெர்ரிக் குளோரைடு கரைசல் பயன்படுத்துகிறேன். தொலைவான கோடுகளுக்கு 6 நிமிடம், நடுப்பகுதிக்கு 20, முன்வரிசைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். குளிர்நாளில் எல்லாமே கூடும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு நோட்டில் நேரம் எழுதி வைக்கிறேன். புரட்டினால் நிமிடக்கணக்குகளாகவே இருக்கும். என் படங்களைவிட அந்த நோட்டைத்தான் மாணவர்கள் அதிகம் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ரெம்பிராண்ட் 1643-ல் செய்த 'பன்றி' படத்தை எடுத்துப் பாருங்கள். கால்கள் கட்டப்பட்டுக் கிடக்கும் பன்றியின் மேல் ரோமம் ரோமமாகக் கோடுகள். பின்னால் நிற்கும் மனிதர்களுக்கு வெறும் வெளிக்கோடு மட்டும். அவர்கள் வெயிலில் கரைந்து நிற்பது போல இருக்கிறார்கள். இங்கே தூரத்தை உண்டாக்கியது கோடுகளின் எண்ணிக்கை. கொல்லப்படப் போகிற அந்த உயிர்தான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அவர் முடிவெடுத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

*

"ஒரு தகட்டுக்கு எத்தனை நாள் ஆகும்?"

ஒரு நாளிலும் முடியும், ஆறு மாதமும் ஆகும். பிராகில் 1607-ல் பிறந்து லண்டனில் 1677-ல் இறந்த வென்செஸ்லாஸ் ஹோலர் மேசையில் மணற்கடிகாரம் வைத்துக்கொண்டு, மணிக்கு நான்கு பென்ஸ் கூலிக்கு வேலை செய்தார் என்று சொல்வார்கள். யாராவது பேச வந்தால் கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவாராம். சுமார் 2,700 படங்கள் செய்தவர். பெண்கள் குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் ரோம உறைகளை மட்டுமே வைத்து அவர் செய்த எச்சிங்குகளைத் தேடிப் பாருங்கள். மேசை மேல் கிடக்கும் அந்த உறையைத் தொட்டால் விரல் புதையும் போல இருக்கும்.

*

"அம்மா, நான் எச்சிங் கற்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. என் தகட்டில் வெறுமையாக விட்ட வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக விழுந்துவிட்டது. தகட்டைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?" (கல்லூரி மாணவர்)

போடாதீர்கள், தம்பி. பூச்சு சரியாக ஒட்டாத இடங்களில் அமிலம் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ரெம்பிராண்ட்டின் இளமைக்காலத் தகடுகள் சிலவற்றிலும் இதே புள்ளிகள் இருக்கின்றன.

நான் கற்ற இரண்டாம் வருடம், அடுப்படியில் ஒரு பெண் கீரை ஆய்வதைப் பதினொரு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பூச்சு போடுவதற்கு முன் தகட்டை ஒரு துணியால் துடைத்தேன். துணியில் எண்ணெய் இருந்திருக்கிறது. அமிலத்திலிருந்து எடுத்தபோது அவள் கன்னத்திலும் பின்சுவரிலும் அம்மை போட்டது போலக் குழிகள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சுரண்டியும் மெருகுக்கோலும் எடுத்து, கன்னத்தில் இருந்ததை மட்டும் சுரண்டித் தேய்த்துச் சமன் செய்தேன். அதற்கே இரண்டு நாள் ஆனது. சுவரில் இருந்ததை விட்டுவிட்டேன். புகை படிந்த பழைய சுவர் அப்படித்தானே இருக்கும்.

அடுத்த தகட்டுக்கு இதைச் செய்யுங்கள். சாக்பொடியோடு கொஞ்சம் வினிகர் கலந்து தகட்டை நன்றாகத் தேய்த்து, குழாயடியில் காட்டுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். அதன்பின் தகட்டின் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டுமே பிடியுங்கள். பூச்சு உருகும் அளவுக்குச் சூடு போதும். புகை கிளம்பினால் பூச்சு கருகிவிட்டது என்று பொருள். வரையும்போது ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவே டிரேசிங் தாள் ஒட்டிய ஒரு சட்டத்தைச் சாய்த்து வையுங்கள். பளபளப்பு அடங்கி, எந்தக் கோடு திறந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

*

"பரோக் என்ற 17-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப்பாணி என்றால் அரண்மனையும் தேவாலயமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீங்கள் காட்டும் எச்சிங்குகளில் பிச்சைக்காரர்கள், குடியானவர்கள், தெரு வியாபாரிகள். ஏன்?" (வாசகி ஒருவர்)

பெரிய ஓவியத்தை யாராவது காசு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு தகட்டுக்கு அது வேண்டாம். ஓவியர் தனக்குப் பிடித்ததை வரைந்து, அச்சிட்டு, விலை குறைவாக விற்கலாம். தேவாலயச் சுவரில் யாரும் மாட்டாத காட்சிகள் எல்லாம் இந்தத் தாள்களுக்கு வந்து சேர்ந்தன. 1660-ல் ஜுசெப்பே மரியா மித்தெல்லி இத்தாலியின் பொலோன்யா நகரத் தெருக்களில் கூவி விற்பவர்களை 40 தகடுகளில் செய்தார், அதே ஊரின் முந்தைய ஓவியர் அன்னிபாலே கராச்சியின் வரைபடங்களைப் பின்பற்றி. 1694-ல் ஆம்ஸ்டர்டாமில் யான் லைக்கனும் மகன் காஸ்பரும் நூறு தொழில்களுக்கு நூறு எச்சிங் வெளியிட்டார்கள்; அதில் தகட்டில் படம் வெட்டுபவரும் ஒரு தொழிலாளியாக வருகிறார்.

ஆனால் எல்லாவற்றையும் கருணை என்று எண்ணிவிட வேண்டாம். 1620-களின் தொடக்கத்தில் கலோ செய்த 25 பிச்சைக்காரர் படங்களின் முகப்பில் கொடி பிடித்து நிற்பவன் ஏமாற்றுக்காரர்களின் தலைவன். ஏழை என்றாலே பாசாங்கு செய்கிறவன் என்ற அந்தக் காலத்துச் சந்தேகம் அதில் இருக்கிறது. ரெம்பிராண்ட் லைடனில் இளைஞராக இருந்தபோது கலோவின் இந்தப் படங்களைப் பார்த்துக் கற்றவர்தான். ஆனால் 1630-ல் ஒரு மேட்டில் உட்கார்ந்து கையேந்தும் பிச்சைக்காரனைச் செய்தபோது அந்த உடம்பின் மேல் தன் முகத்தையே வைத்தார். அப்போது அவருக்கு 24 வயது. அந்தப் படத்துக்கு முன்னால் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன்.

என் மனதுக்கு மிக நெருங்கியவர் ஹார்லெம் நகரத்து அட்ரியான் வான் ஓஸ்டாட (1610–1685). எச்சிங் என்று பார்த்தால் சுமார் 50 மட்டுமே. ரெம்பிராண்ட்டின் நிழலில் இவரைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை. 1664 வாக்கில் செய்த ஒரு படத்தில் ரொட்டிக்கடைக்காரர் பாதிக் கதவின் மேல் சாய்ந்து கொம்பு ஊதுகிறார்: சூடான ரொட்டி தயார், வாருங்கள் என்று அர்த்தம். வேறு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் ஊதுகிற அந்த உடம்பின் சாய்வில் விடியற்காலையிலிருந்து அடுப்போடு நின்ற களைப்பு இருக்கிறது. ஓஸ்டாட தன் ஆட்களைக் கேலி செய்யவும் இல்லை, கண்ணீர் வடிக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

*

"அச்சில் படம் இடவலம் மாறுமே, அதை எப்படிச் சமாளித்தார்கள்?"

முதலிலேயே திருப்பி வரைவார்கள், அல்லது வரைபடத்தின் பின்பக்கம் வழியாகத் தகட்டுக்கு மாற்றுவார்கள். சில சமயம் கவலைப்படவே இல்லை. ரெம்பிராண்ட் 1650-ல் செய்த சங்கு எச்சிங்கில் சங்கின் சுருள் இயற்கைக்கு எதிர்த்திசையில் போகிறது. கையெழுத்தை மட்டும் சரியாகத் திருப்பி எழுதியிருக்கிறார்.

*

"ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளை ஒரு கண்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்று இருட்டாக, பட்டுப்போல. இன்னொன்று வறண்டு வெளிறி. எதை நம்புவது?" (வாசகர் ஒருவர்)

இரண்டும் உண்மையான பிரதிகளாகவே இருக்கலாம். தகடு தேயும் பொருள். ஒவ்வொரு முறையும் மை பூசித் துடைத்து, ஈரத்தாளோடு உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் போகிறது. போஸ் 1642-ல் செய்த அச்சகப் படத்தைப் பார்த்தால் அதன் பாரம் புரியும். ஒருவர் சக்கரத்தின் ஆரங்களைக் கையால் இழுத்து, காலாலும் மிதித்துத் தள்ளுகிறார். இன்னொருவர் தகட்டைத் துடைக்கிறார். மேலே கயிறுகளில் தாள்கள் தொங்கி உலர்கின்றன.

எச்சிங் கோடு சில நூறு பிரதி தாங்கும். டிரைபாயின்ட் தாங்காது. அதில் ஊசி கீறும்போது செம்பு ஓரத்தில் மண்வரப்பு போல எழும்பி நிற்கும். அந்த வரப்பு பிடிக்கும் மைதான் நீங்கள் சொன்ன பட்டுக் கறுப்பு. சில டஜன் பிரதிகளுக்குள் வரப்பு நசுங்கிவிடும். ரெம்பிராண்ட் தகட்டின் மேல் மையை முழுக்கத் துடைக்காமல் மெல்லிய படலமாகவும் விடுவார்; 1640-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியத் தாளிலும் அச்சிட்டார். அது மஞ்சள் தட்டிய, மையை மென்மையாக வாங்கும் தாள். அவருடைய செம்புத் தகடுகளில் எண்பது அளவுக்கு இன்றும் இருக்கின்றன. அவர் இறந்து நூறு, இருநூறு வருடம் கழித்தும் சிலர் அவற்றை அச்சிட்டு விற்றார்கள். நீங்கள் பார்த்த வறண்ட பிரதி அப்படிப்பட்டதாக இருக்கலாம். இருட்டான பிரதியின் முன்னால் மீண்டும் போய் நில்லுங்கள்.

*

"எனக்கு வயது 58. ஓவியம் வரைவேன். எச்சிங் கற்க எந்தப் படத்தைப் பார்த்து நகல் எடுத்துப் பழகலாம்?" (வாசகி ஒருவர்)

கலோ 1617 வாக்கில் ஃபிளாரன்ஸில் செய்த 'கப்ரீச்சி' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 சின்னத் தகடுகள்; பெரும்பாலும் நடக்கிறவர்கள், நிற்கிறவர்கள், ஊர்ச் சதுக்கங்கள். அவற்றில் சிலவற்றில் ஒரே ஆளை இரண்டு முறை வரைந்திருக்கிறார்: ஒரு முறை வெறும் வெளிக்கோடாக, பக்கத்தில் நிழலோடு. வரையப் பழகுகிறவர்களுக்காகவே செய்தது போல இருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் அச்சுப்படங்களுக்கென்று தனி அறை உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் முன்கூட்டியே நேரம் கேட்டால் படத்தை உங்கள் முன்னால் மேசையில் வைப்பார்கள். போக வாய்ப்பில்லை என்றால் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் அச்சுப்படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது.

முதல் நகலில் வெளிக்கோட்டு ஆளை மட்டும் செய்யுங்கள். அமிலத்தில் ஒரே குளியல். இரண்டாவதில் நிழலோடு இருப்பவரைச் செய்யுங்கள். முகத்தையும் மெலிந்த கோடுகளையும் முதல் ஆறேழு நிமிடத்தில் மூடிவிட்டு, நிழலை மட்டும் தொடர்ந்து விடுங்கள். நேரத்தை நோட்டில் குறியுங்கள். அச்சான இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்புங்கள், கோடு கோடாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.